பூம்புகாருக்கு எந்தச் சாலை?

விடுமுறைக்குப் பூம்புகார் போவதென்று வீட்டில் தீர்மானமாகிவிடுகிறது. காவேரி கடலோடு கலக்கும் இடத்தை ஒரு தடவையாவது கண்ணாரப் பார்த்துவிட வேண்டும் என்று மாமியாருக்கு நெடுநாள் ஆசை. குழந்தைகளுக்குக் கடல் என்றாலே கொண்டாட்டம். உங்களுக்கோ, நாலு நாள் அடுப்பங்கரையிலிருந்து விடுதலை கிடைத்தால் போதும். நாத்தனார் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரு வேன் பேசுகிறார்கள். வேன்காரர் கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் மெதுவாக ஒரு வார்த்தை போடுகிறார்: "டோல் தனி, சார்!"

அவ்வளவுதான். வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது.

"போனால் போகிறது. நல்ல ரோட்டில் சட்டென்று போய்ச் சேரலாம்" என்பது ஒரு கட்சி. "ஏண்டா, ரோட்டில் போகிறதுக்குமா காசு? அந்தக் காசுக்கு ஊருக்கு ஊர் அர்ச்சனை செய்யலாமே! பழைய ரோடு எங்கே ஓடிப் போய்விட்டது?" என்பது மற்றக் கட்சி.

நேயர்களே, இந்த வழக்கைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம். ஒன்றை மட்டும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு கட்சியும் பாதிப் பாதி சரி. எந்தப் பாதி எந்த இடத்தில் சரி என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

புலி முத்திரை போட்ட ஊர்

சுங்கத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு பூம்புகாருக்குப் போவதில் ஒரு பொருத்தம் உண்டு. சுங்கத்துக்குப் பேர் போன ஊர் அது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, கரிகாலன் காலத்துப் புகார்த் துறைமுகத்தை நமக்குக் காட்டுகிறது. கடலிலிருந்து இறங்கிய பண்டமும் நாட்டிலிருந்து வந்த பண்டமும் அங்கே மலை மலையாகக் குவிந்து கிடக்கின்றன. சுங்க அதிகாரிகள் ஓய்வு ஒழிவில்லாமல் மூட்டைகளின் மேல் சோழரின் புலி முத்திரையைப் பொறிக்கிறார்கள். இன்றைக்கு நம் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதே பாஸ்டேக் சீட்டு, அது அந்தப் புலிக்குப் பேரப்பிள்ளை முறை ஆகவேண்டும்!

முணுமுணுப்பும் அந்தக் காலத்திலிருந்தே உண்டு என்று நினைக்க இடம் இருக்கிறது. 1070-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். எத்தனையோ போர்களில் வென்ற அரசன். ஆனாலும் வரியை எடுத்ததற்காக ஒரு பட்டப்பெயர் நிலைத்துவிட்டது என்றால், அந்த வரி ஜனங்களை எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்! இன்றும் திருச்சிக்கு வடக்கே 'நம்பர் 1 டோல்கேட்' என்றே ஓர் இடம் இருக்கிறது. கோயம்புத்தூரில் 'சுங்கம்' என்றே ஒரு சந்திப்பு இருக்கிறது.

நமக்கு மட்டுந்தான் இந்தத் தொல்லை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் அடுப்பும் படுக்கையும் பொருத்திய வண்டி வீட்டில் குடும்பத்தோடு தேசத்தைச் சுற்றுகிறார்கள் அல்லவா? அவர்களுக்கும் இதே தலைவேதனைதான். பென்சில்வேனியாவில் 1940-இல் திறந்த சுங்கச் சாலையைப் போல அங்கே பல சாலைகள் உண்டு. வண்டி பெரிதாக ஆகக் கட்டணமும் பெரிதாகும். நம்முடைய வண்டி வீடு எது? பின் ஸீட்டில் ஸ்டவ்வும், தூக்கில் புளியோதரையும், ஜன்னலில் காயும் துண்டுமாகப் போகிற சுற்றுலா வேன்தான்!

கணக்குப் பார்ப்போம்

குடும்பம் நடத்துகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கின் விதிகளை மட்டும் சொல்கிறேன்.

தேசிய நெடுஞ்சாலைகளின் கட்டணத்துக்கு 2008-இல் விதிகள் வகுத்தார்கள். நாற்கரச் சாலையில் கார், ஜீப், வேனுக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா, மினி பஸ்ஸுக்கு 1 ரூபாய் 5 பைசா, பஸ்ஸுக்கு 2 ரூபாய் 20 பைசா என்று அடிப்படை விகிதம் வைத்தார்கள். அந்தக் கணக்கில் 60 கிலோமீட்டருக்குக் காருக்கு 39 ரூபாய், மினி பஸ்ஸுக்கு 63 ரூபாய். இது 2007-08 விலைவாசிக்கு வைத்த விகிதம். ஆண்டுக்கு ஆண்டு 3 சதவிகிதமும், மொத்த விலைவாசி உயர்வில் ஒரு பங்கும் இதனோடு சேர்ந்துகொண்டே வரும். பெரிய பாலமும் புறவழிச்சாலையும் இருந்தால் அதற்குத் தனியாக ஏறும். ஆகவே இன்றைய பலகையில் இருக்கும் எண் பெரிதாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதிகள் மூன்று.

முதலாவது, வேன் பேசும்போதே ஸீட்டை எண்ணுங்கள். டிரைவரை விட்டுப் பன்னிரண்டு பேர் வரைக்கும் பதிவான வண்டி கார் ஜாதியைச் சேர்ந்தது. பதிமூன்றாவது ஸீட் இருந்தால் அது மினி பஸ் ஜாதி! யாரும் உட்காராத ஒரு ஸீட்டுக்காகச் சாவடிக்குச் சாவடி அதிகம் கொடுக்க நேரிடும்.

இரண்டாவது, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியே திரும்பினால் போக வர இரண்டு மடங்கு இல்லை, ஒன்றரை மடங்குதான். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு இது லாபம். பூம்புகாருக்கு அவசரமாகப் போய் வருவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, சொந்த வண்டிக்காரர்களுக்கு. 2025 ஆகஸ்டு 15-இல் ஆண்டுப் பாஸ் ஒன்று வந்தது. அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய். ஓர் ஆண்டு அல்லது 200 சாவடிகள், எது முன்னால் முடிகிறதோ அதுவரை செல்லும். ஆனால் இது தேசிய நெடுஞ்சாலைக்குத்தான். மாநில அரசின் சுங்கச் சாலையில் செல்லாது. வாடகை வேனுக்கும் கிடையாது.

இதையெல்லாம் கூட்டி, வேனில் வருகிற தலைகளால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு வரும் தொகை, வழியில் குழந்தைகள் கேட்கும் ஐஸ்கிரீமை விடப் பெரும்பாலும் பெரிதாக இராது. அப்படியானால் காசைக் கொடுத்துவிடலாமே என்கிறீர்களா? பொறுங்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

சென்னையிலிருந்து கொள்ளிடம் வரை

சென்னையிலிருந்து பூம்புகார் சுமார் 250 கிலோமீட்டர். செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாகப் புறப்பட்டால் பரனூரிலும் ஆத்தூரிலும் சாவடிகள். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பினால் மொரட்டாண்டியில் இன்னொன்று. "அது வேண்டாம், மகாபலிபுரம் வழியாகக் கடற்கரையோரம் போவோம்" என்றால், கிழக்குக் கடற்கரைச் சாலை 2002-லேயே சுங்கச் சாலையாகிவிட்டது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே கொத்தட்டையிலும் 2024 டிசம்பரில் சாவடி வந்தது. அப்போது அந்தப் பக்கத்துத் தனியார் பஸ்காரர்கள் பஸ்களை நிறுத்திவிட்டுக் கட்டணத்தை எதிர்த்துப் போராடினார்கள். ஒரு நாளைக்குப் பல நடை போய் வருகிற பஸ்ஸுக்கு அந்தச் சாவடி ஒரு நாளும் ஓய்வு கொடுக்காது. ஆண்டுக்கு ஒரு தரம் போகிற நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

சாவடியே இல்லாமல் போக வழி இல்லையா? சுற்று வழி உண்டு. வாலாஜாபாத், உத்திரமேரூர், வந்தவாசி என்று வளைத்துக்கொண்டு திண்டிவனம் சேரலாம். ஏரிக்கரைகளும் புளிய மரங்களுமாகக் கண்ணுக்கு அழகான பாதைதான். ஆனால் ஊருக்கு ஊர் வேகத்தடை, சந்தைக் கூட்டம், எதிரே கரும்பு லாரி. மிச்சப்பட்ட சுங்கத்தில் ஒரு பங்கை டீஸல் குடித்துவிடும். விடியற்காலையில் புறப்பட்டவர்களுக்குப் பசி வரும் நேரத்தில் பாதி வழிகூடத் தாண்டியிராது.

இந்தப் பகுதியில் என் ஓட்டு காசு கொடுக்கும் கட்சிக்குத்தான். இங்கே நமக்கு வேண்டியது தூரத்தைக் கடப்பது. அது மட்டுமல்ல, சகோதரிகளே. ஆண்கள் சாலையைப் பற்றிப் பேசும்போது வேகத்தைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். அவர்கள் மறந்துவிடுகிற ஒரு சங்கதி இருக்கிறது. கழிப்பறை! எழுபது வயது மாமியாரும், மூன்று வயதுக் குழந்தையும், 'எங்கே நிறுத்துவது?' என்று வாய் விட்டுக் கேட்கக் கூச்சப்படும் பெண்களும் வண்டியில் இருக்கிறார்கள். பெரிய சாலையில் விளக்குப் போட்ட பெட்ரோல் பங்க்கும் ஹோட்டலும் அடிக்கடி வரும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இதற்கெல்லாமும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். கொடுத்த காசுக்குச் சாவடிக் கழிப்பறை சுத்தமாக இல்லாவிட்டால், முகம் சுளித்துக்கொண்டு திரும்பி வராமல் அதே எண்ணில் புகார் சொல்லுங்கள். கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

இட்லிக் கடை ஆச்சியின் தீர்ப்பு

சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறினால் மண்ணின் நிறமே மாறுகிறது. இரு பக்கமும் எட்டியவரை வயல். இனிமேல் சோழ நாடு. 2020 டிசம்பரில் உண்டான மயிலாடுதுறை மாவட்டம் இது. புதிய சாலை வயல் மட்டத்துக்கு மேல் கரை போட்டாற்போல உயர்ந்து போகிறது. ஊர்களைத் தொடாமல் புறவழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். நான் சீர்காழிக்கு முன்னால் பழைய சாலையில் இறங்கச் சொன்னேன்.

அங்கே கீற்றுக் கொட்டகையில் ஓர் இட்லிக் கடை. நடத்துகிறவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஆச்சி. இட்லி ஆவி பறக்கிறது; பெஞ்சு காலியாக இருக்கிறது.

"புது ரோடு வந்ததிலே வியாபாரம் எப்படி ஆச்சி?" என்று கேட்டேன்.

"எங்கம்மா, முன்னெல்லாம் வேனு வேனா நிக்கும். விடியறதுக்குள்ள ரெண்டு ஈடு தீர்ந்துடும். இப்ப அந்தாண்டயே பறந்துடுதுவ."

"அப்போ அந்த ரோடே வந்திருக்க வேண்டாம் என்கிறீர்களா?"

ஆச்சி கரண்டியைக் கீழே வைத்தார். "அதெப்படிம்மா சொல்லுவேன்? போன ஐப்பசியில எம் மருமவளுக்கு நடு ராத்திரியில வலி எடுத்துச்சு. கொட்டுற மழை. அந்த ரோட்டுலதான் ஆம்புலன்ஸுல சிதம்பரத்துக்குப் போய்ச் சேந்தோம். பேரன் நல்லபடியா இருக்கான். எம் பொழப்பைக் கெடுத்த ரோடுதான். எங் குலத்தைக் காப்பாத்துனதும் அதே ரோடுதான். நான் எதைன்னு திட்டுறது?"

சாவடியில் ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது என்பது விதி. ஆச்சிக்கு அந்தச் சாலை இலவசமாகவும் கிடைத்தது. அதற்கு விலையும் அவரேதான் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இந்த விலை எந்தச் சாவடிப் பலகையிலும் எழுதியிராது. நான் ஒரு ஈடு கூடுதலாக வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

சீர்காழியிலிருந்து திருவெண்காடு வழியாகப் பூம்புகாருக்குச் சுமார் 20 கிலோமீட்டர். ஒடுக்கமான சாலை. வாய்க்கால் மதகு, தாமரைக் குளம், மூங்கில் புதர் என்று வளைந்து வளைந்து போகிறது. எதிரே பஸ் வந்தால் ஒருவருக்கொருவர் வழி விட்டுத்தான் ஆகவேண்டும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். அதன் மேல் வண்டியை ஏற்றாமல் ஒதுங்கிப் போவதுதான் இந்தச் சாலையில் நாம் செலுத்தும் சுங்கம்!

வழி சொன்ன கவுந்தியடிகள்

பூம்புகாரில் 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது. ஏழு நிலை மாடமாகக் கட்டி, கண்ணகி கதையைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கீழையூரில் தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறை பழைய புகாரின் சாட்சியாக நிற்கிறது. பக்கத்தில் பல்லவனேச்சுரம் இருக்கிறது. அங்கே புத்த விகாரை ஒன்றின் அடித்தளமும் கிடைத்தது. காவேரியைப் பார்த்தால் மட்டும் மனம் கொஞ்சம் துணுக்குறும். குடகிலிருந்து புறப்பட்டு எத்தனையோ கிளைகளுக்கும் வாய்க்கால்களுக்கும் வாரிக் கொடுத்துவிட்டு, பிறந்த வீட்டுச் சீரையெல்லாம் பங்கு போட்டு முடித்த பெரியவள் போல மெலிந்து வந்து கடலைத் தொடுகிறாள். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. கோடை விடுமுறையில் போனால் பெரும்பாலும் மணலைத்தான் பார்ப்பீர்கள். ஆடிக்குப் பிறகு போவது நல்லது.

கோவலனும் கண்ணகியும் இந்த ஊரிலிருந்துதான் மதுரைக்குக் கிளம்பினார்கள். ஒரு காத தூரத்தில் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி அம்மையார் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். எந்த வழியாகப் போவது என்ற நம்முடைய கேள்வி அங்கேயும் வருகிறது! அந்த அம்மையார் இரண்டு வழியையும் நிறுத்துப் பார்க்கிறார். சோலை வழியாகப் போனால், வள்ளிக் கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த செண்பகப் பூ மூடியிருக்கும், கால் இடறும். குழிக்கு விலகி நடந்தால் பலாப்பழம் மேலே முட்டும். வயல் வழியாகப் போனால், நீர்நாய் கவ்விய வாளை மீன் துள்ளிப் பாயும், கண்ணகி பயந்துபோவாள். வரப்பில் நண்டும் நத்தையும் காலில் மிதிபட்டுச் சாகும்; அந்தப் பாவத்தைத் தாங்க முடியாது. இவை இரண்டையும் விட்டால் வேறு வழி கிடையாது, பார்த்து நடங்கள் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போகிறார்.

எது கிட்ட வழி, எது சல்லிசான வழி என்று அந்த அம்மையார் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கூட வருகிற பெண்ணுக்கு எது பயம், வழியில் இருக்கிற சிறு பிராணிக்கு எது துன்பம் என்று கேட்கிறார். இட்லிக் கடை ஆச்சியைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு இந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

மேலே போனால் கொடும்பாளூர்ப் பக்கம் மதுரை வழி மூன்றாகச் சூலம் போலப் பிரிகிறது. மூன்றின் குணத்தையும் ஒரு மறையவர் விவரிக்கிறார். அதே வட்டாரத்தில், விராலிமலைப் பக்கத்துப் பூதகுடியில், இப்போது ஒரு சுங்கச் சாவடி இருக்கிறது!

திரும்புகிற வழி

வந்த வழியே திரும்பாதீர்கள். இங்கேதான் பழைய ரோட்டுக் கட்சிக்கு என் ஓட்டு. காவேரியை எதிர்த்துக்கொண்டு மேற்கே போகிற சாலை ஒன்று உண்டு. கல்லணையையும் காவிரிப்பூம்பட்டினத்தையும் சேர்க்கும் மாநில நெடுஞ்சாலை அது, எண் 22. சாவடி கிடையாது. ஒரு கோடியில் கரிகாலனின் துறைமுகம்; மறு கோடியில் கரிகாலனின் அணை. நடுவே நூறு மைலுக்கும் குறைவுதான். ஆனால் ஒரு முழு நாளை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

மயிலாடுதுறையில் துலாக் கட்டம். குத்தாலம் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் கடையும் ஊர். 2022-இல் அந்த வாத்தியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்தது ஆடுதுறை; உங்கள் வீட்டுச் சோற்றுக்கு எத்தனையோ நெல் ரகம் கண்டு தந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர். பிறகு திருவிடைமருதூர். திருபுவனத்தில் வண்டியை நிறுத்தினால் பட்டுப் புடவைக்கு மிச்சப்பட்ட சுங்கத்தைப்போல் நூறு மடங்கு செலவாகும் என்று கணவன்மார்களை எச்சரித்து வைக்கிறேன்! கும்பகோணத்தில் காப்பி. சுவாமிமலை, கபிஸ்தலம், கணபதி அக்ரஹாரம் வழியே திருவையாறு. அப்புறம் கல்லணை. இத்தனையும் ஒரே சாலையில் சரம் கோத்தாற்போல வருகின்றன.

இந்தச் சாலைக்கும் விதிகள் உண்டு. இருட்டிய பிறகு வேண்டாம். மாடும் டிராக்டரும் விளக்கில்லாமல் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். தேர்த் திருநாள் எந்த ஊரில் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம். தஞ்சாவூருக்குப் போய், அங்கிருந்து நாற்கரச் சாலையில் திருச்சிக்கு விரையுங்கள். வாழவந்தான்கோட்டைச் சாவடியில் கொடுக்கிற காசுக்கு அன்றைக்கு முழு மதிப்பு உண்டு.

ஆகவே, தீர்ப்பு இதுதான். புறப்படும் முன் சாலையின் ஒவ்வொரு துண்டைப் பற்றியும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் துண்டில் நமக்குப் பார்க்க ஏதாவது இருக்கிறதா, கடக்கத்தான் வேண்டுமா? வண்டியில் இருப்பவர்களில் ரொம்ப அலுத்துப்போகக் கூடியவர் யார், அவருக்கு எது சுகம்? மிச்சப்படுகிற காசையோ நேரத்தையோ என்ன செய்யப்போகிறோம்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். சுங்கம் கொடுத்து மிச்சம் பிடித்த ஒரு மணியை ஹோட்டல் அறையில் டெலிவிஷன் பார்த்துக் கழித்தால், காசும் நஷ்டம், நேரமும் நஷ்டம். அந்த ஒரு மணியில் கடற்கரையில் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால், கொடுத்தது கொஞ்சம் என்றே தோன்றும்.

பெரிய சாலையில் போகும்போதும் ஒரு வேளைப் பலகாரத்துக்காவது பழைய சாலையில் இறங்குங்கள். சீர்காழிப் பக்கம் இட்லி நன்றாக இருக்கிறது.